மொழி ஒன்று, கப்பல் இரண்டு: நவீன கிரேக்க நாவல்களில் அகதியும் அயலவனும்

கிரேக்க இலக்கியம் என்றதும் எமது வாசகர்களுக்கு உடனே நினைவில் வருபவர்கள் ஹோமரும் சோஃபக்கிளீசும்தான். அந்தப் பழம்பெருமையின் நிழலில் நவீன கிரேக்கம் மறைந்துபோய்விடுகின்றது. சற்று அக்கறையோடு வாசிப்பவர்கள் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கவாஃபியின் கவிதைகளையும் கஸான்ட்சாக்கிசின் 'சோர்பா'வையும் அறிவர். 1963இல் ஜோர்ஜ் செஃபெரிசும் 1979இல் ஒடிசியஸ் எலிட்டிசும் நோபல் பரிசு பெற்றமையும் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால், இருபதாம் நூற்றாண்டுக் கிரேக்க உரைநடையின் பெரும்பகுதி எந்தக் காயத்திலிருந்து பிறந்தது என்பது எம்மிடையே அதிகம் பேசப்படாத விடயம்.

அந்தக் காயத்தின் பெயர் 1922. கிரேக்கர்கள் அதனைச் 'சின்னாசியப் பேரழிவு' என்பர். துருக்கியர் அதே நிகழ்வுகளைத் தமது விடுதலைப் போரின் வெற்றி என்பர். இவ்விரண்டு பெயர்களுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட சாதாரண மனிதர்களைக் கிரேக்க நாவலாசிரியர்கள் எவ்வாறு எழுதினார்கள், யாரை எழுதினார்கள், யாரை எழுதாது விட்டார்கள் என்று நோக்குவதே இக்கட்டுரையின் எண்ணம். இந்நாவல்களை எம்மில் பலரும் ஆங்கில மொழிபெயர்ப்புகளினூடாகவே அணுக முடிகின்றது. எனவே அவற்றின் மொழியழகு பற்றிப் பேசுவதைத் தவிர்த்து, அவற்றின் பார்வை பற்றியே இங்கு பேசப்படுகின்றது.

கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஊரிலிருந்து துரத்தப்பட்டவன், தன்னைத் துரத்தியவனைப் பற்றி எழுதும்போது அவனது எழுத்து எந்த இடத்தில் இலக்கியமாகின்றது?

மதம் வரைந்த எல்லை

வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது அவசியம். முதலாம் உலகப் போரில் உதுமானியப் பேரரசு தோற்றபின், நேச நாடுகளின் ஒப்புதலோடு 1919 மே 15ஆந் திகதி கிரேக்கப் படை ஸ்மிர்னா துறைமுகத்தில் இறங்கியது. இன்றைய இஸ்மிர்தான் அந்நகர். அனத்தோலியாவின் உட்பகுதிவரை முன்னேறிய அப்படை 1922 ஓகஸ்ட் மாதத்தில் முற்றாக முறியடிக்கப்பட்டது. பின்வாங்கும் வழியில் அது பல முஸ்லிம் ஊர்களுக்குத் தீ வைத்தது. செப்டெம்பர் 9இல் துருக்கிப் படை ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. சில தினங்களில் நகரின் ஆர்மேனிய, கிரேக்கப் பகுதிகள் எரிந்து சாம்பலாயின. ஆயிரமாயிரம் பேர் துறைமுகக் கரையில் தீக்கும் கடலுக்கும் நடுவில் நின்றனர்.

1923 ஜனவரி 30ஆந் திகதி லொசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. துருக்கியிலிருந்த ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாக அனுப்பப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் பகுதி முஸ்லிம்களுக்கும் மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் பன்னிரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களுள் பெரும்பாலானோர் உடன்படிக்கைக்கு முன்னரே தப்பியோடி வந்தவர்கள். துருக்கிக்கு அனுப்பப்பட்ட முஸ்லிம்கள் மூன்றரை இலட்சம் அளவினர்.

இவ்வுடன்படிக்கையில் மொழி பற்றிய பேச்சே கிடையாது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. கப்படோக்கியாவின் கிறிஸ்தவர்களுள் பலர் துருக்கி மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டவர்கள். அதனைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள். அவர்கள் 'கிரேக்கர்' என்று கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிறீட் தீவின் முஸ்லிம்களோ கிரேக்க மொழியைத் தவிர வேறொன்றும் பெரிதாக அறியாதவர்கள். அவர்கள் 'துருக்கியர்' என்று துருக்கிக்குக் கப்பலேற்றப்பட்டனர். இரு சாராரும் தாம் பேசும் மொழியின் நாட்டை விட்டு, தமக்குப் புரியாத மொழியின் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர். அடையாளத்தை மதமே தீர்மானித்தது.

வாக்குமூலமும் வேடமும்

இப்பேரழிவின் முதல் முக்கிய சாட்சி இலியாஸ் வெனெசிஸ் (1904-1973). அனத்தோலியக் கரையிலுள்ள அய்வலி என்னும் ஊரில் பிறந்தவர். 1922இல், பதினெட்டு வயதில் பிடிக்கப்பட்டு, கட்டாய உழைப்புப் படையணியில் சேர்க்கப்பட்டார். அவ்வூரிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மூவாயிரம் பேருள் உயிரோடு திரும்பியவர்கள் 23 பேரே என்று அவர் பதிவுசெய்துள்ளார். 'இலக்கம் 31328' என்ற நூல் அந்தப் பதினான்கு மாதங்களின் கதை. 1924இல் லெஸ்வொஸ் தீவின் பத்திரிகையொன்றில் தொடராக வந்து, 1931இல் நூலாகியது. தலைப்பிலுள்ள இலக்கம், கைதியாக அவருக்கு இடப்பட்ட இலக்கம்.

இந்நூலின் பலம், அதில் புலம்பல் இல்லாமை. வெயில், தாகம், வெறுங்கால் நடை, உடலில் மொய்க்கும் பேன் என்று உடம்பினூடாகவே யாவும் சொல்லப்படுகின்றன. ஆரம்பத்தில் காவற்காரத் துருக்கியச் சிப்பாய்கள் கொடியவர்களாக மாத்திரமே தெரிகின்றனர். கதை வளர வளர, அவர்களும் வீட்டை நினைத்து ஏங்கும் ஏழைக் குடியானவர்களாகத் தெரியத் தொடங்குகின்றனர். களைப்பு இரு சாராருக்கும் பொதுவாகின்றது. பிற்பகுதியில் ஒரு காட்சி உண்டு. வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருவர் வருமுன், கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் எலும்புகள் கண்ணில் படாதவாறு பள்ளத்தாக்கைத் துப்புரவாக்கும் வேலை கைதிகளின் தலையில் சுமத்தப்படுகின்றது. தமது இனத்தவரின் கொலைக்கான சாட்சியத்தைத் தமது கையாலேயே அவர்கள் அழிக்க வேண்டியுள்ளது. வெனெசிஸ் இதற்கு விளக்கவுரை எழுதவில்லை. எலும்பு பொறுக்கும் கைகளை மாத்திரம் காட்டுகின்றார்.

வெனெசிசின் ஊருக்கு எதிரேயுள்ள சிறு தீவில் பிறந்த ஸ்ட்ராத்திஸ் தூக்காஸ் (1895-1983) வேறொரு வழியில் சென்றார். 1928இல் மக்கெடோனியாவின் அகதிக் கிராமமொன்றில் ஒரு மனிதனின் கதையை அவர் கேட்டார். அதனை அம்மனிதனின் பேச்சு நடையிலேயே எழுதி 'ஒரு போர்க்கைதியின் கதை' என 1929இல் வெளியிட்டார். மிகச் சிறிய நூல். கைதியாகப் பிடிபட்ட கிரேக்கன் ஒருவன் தப்பியோடி மலைக்குகையில் மறைகின்றான். பசி தாங்காத நிலையில் ஊருக்குள் இறங்கி, முஸ்லிம் பெயரொன்றைச் சூடி, துருக்கியனாக நடித்து ஓர் எசமானிடம் மேய்ப்பனாகச் சேர்கின்றான். அந்த எசமான் நல்லவர். ஹஜ் செய்தவர். அவனை நம்புகின்றார்; நேசிக்கின்றார்; தமது குடும்பத்தோடு இணைத்துக்கொள்ளவும் விரும்புகின்றார்.

தூக்காசின் நூல் எழுப்பும் சங்கடம் இங்கேதான் உள்ளது. கதாநாயகனின் உயிரைக் காப்பது ஒரு பொய். அந்தப் பொய்க்குள் அவனுக்குக் கிடைப்பதோ உண்மையான அன்பு. பகைவன் எனச் சொல்லப்பட்டவனின் வீட்டில் அவன் ஒரு மகனைப் போல வாழ்ந்திருக்கின்றான். அவன் தப்பும்போது எமக்கு நிம்மதி உண்டாகின்றது. அதே கணத்தில் அந்த முதியவருக்காக மனம் வருந்துகின்றது. ஒரே வாக்கியத்தில் இரு பக்கத்துக்கும் வருந்தச் செய்வது எளிதான காரியமல்ல. மக்கள் எல்லோருக்கும் பொதுவான துன்பங்களுக்கே இந்நூலைத் தூக்காஸ் காணிக்கையாக்கினார். ஒரு சாராரின் துன்பத்துக்கு மட்டும் காணிக்கையாக்கியிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

தன் பக்கத்துக் கறை

வெனெசிசும் தூக்காசும் அயலவனின் முகத்தைக் கண்டவர்கள். டிடோ சொத்திரியு (1909-2004) அதற்கு அப்பாலும் ஓர் அடி எடுத்துவைத்தவர். ஸ்மிர்னாவுக்குத் தெற்கேயுள்ள அய்தின் நகரில் பிறந்து, 1922இல் அகதியாகக் கிரேக்கம் வந்தவர். பத்திரிகையாளர். இடதுசாரி. 1962இல் வெளிவந்த இவரது நாவலின் கிரேக்கத் தலைப்பு 'குருதி தோய்ந்த மண்' என்று பொருள்படும். ஆங்கிலத்தில் அது அனத்தோலியாவுக்கு விடைகூறும் தலைப்போடு வந்தது. துருக்கி மொழியில் 1970இல் வெளியாகி அங்கும் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. துருக்கித் தலைப்பு 'அனத்தோலியாவுக்கு என் ஸலாம் சொல்' என்ற பொருளுடையது.

எபேசசுக்கு அண்மையிலிருந்த கிர்கிஞ்ஜே கிராமத்து விவசாயி ஒருவரின் குறிப்பேடுகளே இந்நாவலுக்கு அடிப்படை. இன்று அவ்வூரின் பெயர் சிரின்ஜே. நாவலின் முற்பகுதி அந்த ஊர் வாழ்வைக் காட்டுகின்றது. அத்திப்பழ அறுவடை, சந்தை, பெருநாள், அயற்கிராமத்துத் துருக்கியரோடு கொடுக்கல் வாங்கல், மனோலிஸ் என்ற சிறுவனுக்கும் ஷெவ்கெத் என்ற துருக்கியச் சிறுவனுக்கும் இடையிலான நட்பு. இதனைப் பொற்காலமாகச் சொத்திரியு வர்ணிக்கவில்லை. யார் யாருடைய காணியில் கூலிக்கு உழைத்தார்கள், கடன் எவ்வாறு ஏறியது என்பதையும் கூடவே சொல்கின்றார்.

பின்னர் போர் வருகின்றது. மனோலிஸ் முதலில் உதுமானிய உழைப்புப் படையணியில் வதைபடுகின்றான். பிறகு கிரேக்கப் படை இறங்கியதும் அதில் சிப்பாயாகின்றான். நேற்று வதைக்கப்பட்டவன் இன்று துப்பாக்கியோடு அதே மண்ணில் நடக்கின்றான். நாவலின் மிக முக்கியமான பகுதி இதுவென்பேன். கிரேக்கச் சிப்பாய்கள் துருக்கியக் கிராமங்களில் செய்தவற்றைச் சொத்திரியு மறைக்கவில்லை. 'அவர்களும் செய்தார்களே' என்று சமன் செய்யவுமில்லை. பாதிக்கப்பட்ட சமூகமொன்றின் எழுத்தாளர், தன் சமூகம் தன் காயத்தை இன்னும் தடவிக்கொண்டிருக்கும் காலத்தில், அதன் கையிலிருந்த கறையையும் எழுதிக்காட்டியிருக்கின்றார். நாவலின் இறுதியில், சாமோஸ் தீவுக்குத் தப்பிவந்த மனோலிஸ் எதிர்க்கரையைப் பார்த்தவாறு தான் கொன்ற மனிதனை நினைக்கின்றான். அனத்தோலியாவிடம் மன்னிப்புக் கேட்கின்றான். அவ்விடத்தில் அவன் அகதியாக மட்டும் நிற்கவில்லை. குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என அறிந்த மனிதனாக நிற்கின்றான்.

எனினும் ஒரு விமர்சனத்தை முன்வைக்க வேண்டும். இறுதிச் சாபம் பெரும்பாலும் வல்லரசுகளின் மீதே விழுகின்றது. எண்ணெய்க்காகவும் சந்தைக்காகவும் இரு ஏழை மக்களை மோதவிட்டவர்கள் அவர்கள் என்பது சொத்திரியுவின் அரசியல் நிலைப்பாடு. இதில் உண்மை உண்டு. ஆனால் இவ்விளக்கம் ஒரு வசதியையும் தருகின்றது. கிராமத்தவர்களைச் சுட்டுக்கொன்றவனும் பக்கத்து வீட்டின் கதவை உடைத்தவனும் லண்டனிலிருந்தோ பாரிசிலிருந்தோ வந்தவர்களல்லர். பொதுவான எதிரியொருவனைக் காட்டியதும் இரு நாட்டு வாசகர்களும் ஆறுதலடைகின்றனர். நாவல் இரு கரையிலும் விரும்பப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஆறுதலைத் தாண்டி எம் மனதில் தங்குபவை, மனோலிசின் தனிப்பட்ட குற்றவுணர்வு வெளிப்படும் பக்கங்களே.

சொந்த இனத்தின் வாசலில்

வந்தவர்களைக் கிரேக்கம் எவ்வாறு வரவேற்றது? 1928 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகை சுமார் 62 இலட்சம். அதாவது ஐவரில் ஒருவர் அகதி. உள்ளூரவர்கள் அவர்களைத் 'துருக்கி விதை' என்றனர். 'தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்' என்று அவர்களது சமையலையும் சேர்த்துப் பழித்தனர். கிரேக்கர் என்பதற்காகத் துருக்கியிலிருந்து துரத்தப்பட்டவர்கள், கிரேக்கத்தில் துருக்கியராயினர்.

வெனெசிசின் 'அமைதி' (1939) என்ற நாவல் இவ்வனுபவத்தை எழுதுகின்றது. ஃபொக்கேயாவிலிருந்து வந்த அகதிகள் அத்திக்காவின் அனவிசொஸ் பகுதியில் உப்புப் படிந்த தரிசில் குடியேறிப் படும் பாடு அது. இதே பிரச்சினையை மிக ஆவேசமாகக் கேட்டவர் நிக்கொஸ் கஸான்ட்சாக்கிஸ் (1883-1957). 'மீண்டும் சிலுவையில் கிறிஸ்து' என்ற அவரது நாவலில், துருக்கிய ஆகா ஒருவரின் ஆட்சியிலுள்ள கிரேக்கக் கிராமமொன்றுக்கு, எரிக்கப்பட்ட இன்னொரு கிரேக்க ஊரின் மக்கள் பசியோடு வந்து நிற்கின்றனர். அவர்களைத் துரத்துபவர் ஆகா அல்லர். அதே மொழி பேசும், அதே தேவாலயத்தில் வழிபடும் கிராமப் பெரியவர்களும் அவ்வூர்ப் பாதிரியாருமே துரத்துகின்றனர். தமது சொத்துக்குப் பங்காளிகள் வந்துவிடக் கூடாதென்ற அச்சமே காரணம்.

இன ஒற்றுமை என்ற பெரும் பேச்சின் கீழ் வர்க்கமும் காணியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இந்நாவலைவிடத் தெளிவாகக் காட்டிய கிரேக்கப் படைப்பு அரிது. ஆனால் கஸான்ட்சாக்கிசிடம் ஒரு குறை உண்டு. அவரது முஸ்லிம் பாத்திரங்கள் பெரும்பாலும் கிரேக்க ஆன்மாவைச் சோதிக்கும் கருவிகளாகவே வந்து போகின்றனர். கிறீட் கிளர்ச்சி பற்றிய 'கப்டன் மிக்காலிஸ்' (1953) நாவலில் வரும் நூரி பே அழகும் மிடுக்கும் கொண்டவன். நாயகனோடு குருதி கலந்து சகோதரனானவன். இருந்தும், நாயகனின் வீரத்துக்கு ஓர் எதிரி தேவைப்படும் அளவிலேயே அவனுக்கு நாவலில் இடமுண்டு. அவன் வீட்டில் பேசிய மொழி எது, அவன் பிள்ளைகளுக்கு என்ன நேர்ந்தது என்று நாவல் கேட்பதில்லை.

எதிர்த்திசையில் போனவர்கள்

இங்கே நாம் அக்கேள்வியைக் கேட்க வேண்டியுள்ளது. கிரேக்க மொழி பேசிய முஸ்லிம்கள் எங்கே?

கிரேக்க மொழிக்கும் இஸ்லாத்துக்குமான உறவு பழையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொன்யாவில் வாழ்ந்த மௌலானா ரூமியும் அவரது மகன் சுல்தான் வலதும் அரபு எழுத்தில் சில கிரேக்க அடிகளை எழுதியுள்ளனர். பிற்காலத்தில் கிறீட்டிலும் யானினாவிலும் முஸ்லிம்கள் கிரேக்க மொழியை அரபு எழுத்தில் எழுதினர். நபிகளாரின் பிறப்பைப் பாடும் மௌலிதும் அவ்வாறு கிரேக்கத்தில் உண்டு. அரபுத்தமிழ்ப் பாரம்பரியத்தை அறிந்த எமக்கு இது எத்தகைய எழுத்தென்று விளக்க வேண்டியதில்லை. தாய்மொழி ஒன்றாகவும் வேதமொழியின் எழுத்து இன்னொன்றாகவும் இருக்க, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துக்கொண்ட மக்களின் எழுத்து அது.

இம்மக்களின் வெளியேற்றம் 1923இல் தொடங்கியதுமல்ல. 1897ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னர் கிறீட்டை விட்டோடிய முஸ்லிம்களுக்காக சுல்தான் அப்துல் ஹமீத் சிரியக் கரையில் ஹமீதிய்யா என்ற ஊரை அமைத்தார். அங்கு கிரேக்கப் பேச்சு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்தது. எஞ்சியவர்களை லொசான் உடன்படிக்கை கப்பலேற்றியது. கிரேக்க இலக்கியம் பன்னிரண்டு இலட்சம் பேரின் வருகையை எழுதியது. மூன்றரை இலட்சம் பேரின் போக்கை எழுதியது மிகக் குறைவு. பந்தெலிஸ் பிரெவெலாக்கிசின் 'ஒரு நகரத்தின் கதை' (1938) குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. தன் பிறந்த ஊரான றெத்திம்னோவின் வரலாற்றைச் சொல்லும்போது, அதன் முஸ்லிம்கள் ஊரை விட்டகன்றதையும் இழப்பாக அவர் உணர்ந்து எழுதினார். ஆயினும் அங்கும் நாம் பார்ப்பது கரையில் நிற்பவனின் பார்வைதான். கப்பலில் இருப்பவனின் குரல் கேட்பதில்லை.

அக்குரலை நோக்கிக் கிரேக்க நாவல் நெருங்கிவர 1989 ஆகியது. ஹெராக்லியோனில் 1947இல் பிறந்த றியா கலனாக்கியின் 'இஸ்மாயீல் ஃபெரிக் பாஷாவின் வாழ்வு' அவ்வருடம் வெளியாயிற்று. 1994இல் யுனெஸ்கோவின் பிரதிநிதித்துவப் படைப்புகள் வரிசையில் இடம்பிடித்த முதல் கிரேக்க நாவல் இதுவே. வரலாற்றில் வாழ்ந்த ஒருவரின் கதை. கிறீட்டின் லசித்தி மேட்டுநிலத்தில் பிறந்த கிறிஸ்தவச் சிறுவன் ஒருவன் 1820களின் கிளர்ச்சியில் எகிப்தியப் படையிடம் பிடிபடுகின்றான். எகிப்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இஸ்மாயீல் என்ற பெயரோடு முஸ்லிமாக வளர்ந்து, போர்த்துறை அமைச்சர்வரை உயர்கின்றான். அவனது சகோதரனோ ஏதென்சில் செல்வந்தனாக இருந்து கிறீட்டின் விடுதலைக்குப் பணம் கொடுக்கின்றான். 1866இல் தொடங்கிய கிளர்ச்சியை அடக்க எகிப்தியப் படையின் தளபதியாக இஸ்மாயீல் தன் பிறந்த தீவுக்கே அனுப்பப்படுகின்றான். ஒரு சகோதரனின் படைக்கு எதிராக மற்றச் சகோதரனின் பணம். பிறந்த மேட்டுநிலம் எரிகின்றது. 1867இல் அத்தீவிலேயே அவன் இறக்கின்றான்.

கலனாக்கி இதனைத் துரோகத்தின் கதையாகவோ தியாகத்தின் கதையாகவோ எழுதவில்லை. நாவலின் எகிப்தியப் பகுதி படர்க்கையில் செல்கின்றது. தீவுக்குத் திரும்பியதும் இஸ்மாயீலே தன்மையில் பேசத் தொடங்குகின்றான். கிரேக்க நாவலொன்றில், கிறீட்டை எரிக்க வந்த முஸ்லிம் தளபதி 'நான்' என்று பேசுகின்றான் என்பதன் அர்த்தம் பெரிது. தேசிய வரலாறு அவனை மதம் மாறிய காட்டிக்கொடுப்பாளன் என்று முடித்திருக்கும். நாவல் அவனைப் பேசவிடுகின்றது.

ஆயினும் இங்கும் ஒரு கேள்வி எழவே செய்கின்றது. இஸ்மாயீலின் எகிப்திய வாழ்வில் உண்மையான பற்று உண்டு. இப்ராஹீம் பாஷாவோடு அவனுக்குள்ள நட்பு ஆழமானது. ஆனால் அவனது ஈமான் பற்றி நாவலுக்கு அக்கறை குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக முஸ்லிமாக வாழ்ந்தவனின் உள்ளம் முழுவதும் அந்தக் குழந்தைப் பருவக் குகையிலேயே தங்கியிருந்ததா? தொழுகையும் நோன்பும் அவனுக்கு வெறும் உடையாகத்தான் இருந்தனவா? மதம் மாற்றப்பட்டவனின் 'உண்மையான நான்' அவன் பிறந்த மதத்திலேயே இருக்கும் என்ற எடுகோள் நாவலின் அடியில் ஓடுவதாக எனக்குப் படுகின்றது. தேசியவாதத்தைக் கேள்விக்குள்ளாக்கும் இப்பிரதி, அடையாளத்தின் வேர் பற்றிய தேசியவாதத்தின் நம்பிக்கையை முற்றாகக் கைவிடவில்லை.

கப்பலில் போனவர்களின் சந்ததியிடமிருந்து பதில் வந்தது வேறு மொழியில். அஹ்மத் யொருல்மாஸ் (1932-2014) கிறீட் முஸ்லிம் குடும்பத்தவர். அய்வலியில், அதாவது இன்றைய அய்வாலிக்கில் பிறந்தவர். வெனெசிஸ் எந்த ஊரிலிருந்து கைதியாக இழுத்துச் செல்லப்பட்டாரோ அந்த ஊரில்தான் கிறீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் குடியேற்றப்பட்டனர். இவர் கிரேக்க நூல்களைத் துருக்கிக்கு மொழிபெயர்த்தவர். 1997இல் வெளிவந்த 'போரின் பிள்ளைகள்' என்ற இவரது நாவலின் நாயகன் பெயர் ஹஸனாக்கிஸ். முன்பாதி எமது பெயர். பின்னொட்டு அசல் கிறீட்டுக்குரியது. கஸான்ட்சாக்கிஸ், பிரெவெலாக்கிஸ் என்ற பெயர்களின் அதே பின்னொட்டு. உடன்படிக்கை பிரித்துவைத்த இரண்டும் அந்தப் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அக்கதை எழுதப்பட்ட மொழி துருக்கி. கிரேக்க வாசகர்கள் அதனை மொழிபெயர்ப்பிலேயே படித்தனர். தன் சொந்த மண்ணின் கதையை அந்த மண்ணின் மொழியில் எழுதும் வாய்ப்பை ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகம் இழந்துவிட்டது. பள்ளிவாசலும் வீடும் காணியும் இழப்புப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. இந்த இழப்புக்கு அப்பட்டியலில் இடமே இல்லை.

எமது வாசிப்புக்கு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், வெளியேற்றியவர்களும் வெளியேறியவர்களும் பேசிய மொழி ஒன்றே. இரண்டையும் சமப்படுத்துவது தவறு. அங்கு நடந்தது இரு அரசுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையின் கீழ். இங்கு நடந்தது ஆயுத இயக்கமொன்றின் கட்டளையில். மேலும், புத்தளத்து முகாமுக்குப் போனவர்கள் தமது மொழியை இழக்கவில்லை. ஹஸனாக்கிசுக்கு வாய்க்காத ஒன்று அவர்களுக்கு வாய்த்தது. துரத்தியவனின் மொழியிலேயே, அவன் படிக்கக்கூடியவாறே, அவர்களால் எழுத முடிகின்றது. இது சிறிய விடயமல்ல.

இந்நாவல்களை ஒருசேர நோக்கும்போது, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு ஓரளவு விடை கிடைக்கின்றது. வெனெசிஸ் காவற்காரனின் களைப்பைக் கண்ட இடத்திலும், தூக்காஸ் ஏமாற்றப்பட்ட முதியவரின் அன்பை மறைக்காத இடத்திலும், சொத்திரியு தன் பக்கத்துக் கறையைக் காட்டிய இடத்திலும், கலனாக்கி பகைத் தளபதிக்குத் தன்மையிடத்தைக் கொடுத்த இடத்திலும் அவர்களது எழுத்து ஆவணம் என்ற நிலையைக் கடந்துவிடுகின்றது. அயலவன் அங்கே பாத்திரமாகின்றான். பெயரும் கைத்தொழிலும் வீடும் பெறுகின்றான்.

அதேவேளை, ஓர் இலக்கியம் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், தன் மொழியைப் பேசிய ஒரு பகுதியினரைத் தன்னவர் எனக் கருத மறந்தால் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கும். அதனைப் பிறர் பரிவோடு நிரப்ப முயலலாம். பிரெவெலாக்கிசும் கலனாக்கியும் அதனைத்தான் செய்தனர். அவர்களது முயற்சிக்கு மதிப்பளிக்கும் நாம், கப்பலில் ஏறியவன் தானே எழுதியிருந்தால் அது எவ்வாறு இருந்திருக்கும் என்றும் எண்ணிப்பார்க்கின்றோம். கிரேக்க மொழியில் ஹஸனாக்கிசின் நாவல் எழுதப்படவில்லை. இனி எழுதப்படவும் மாட்டாது. எழுதக்கூடிய மொழி கையிலிருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதே அந்த எழுதப்படாத நாவல் எமக்குச் சொல்லும் செய்தி.